பலகை நெளிந்தாலும் 'வார்ப்', பாவு நூலும் 'வார்ப்': இரண்டும் ஒரே சொல்லா?

புதுஉளி:
கொஞ்ச காலமாக மரவேலை பழகுகிறேன். பார்ப்பது முழுக்க இங்கிலீஷ் வீடியோக்கள்தான். பலகை காய்ந்து நெளிந்து, முறுக்கி, வடிவம் கெட்டுப்போவதை அவர்கள் 'வார்ப்' என்கிறார்கள். சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் கைத்தறி பற்றி ஒரு கட்டுரை படித்தால் அங்கே பாவு நூலுக்கும் 'வார்ப்' என்றுதான் போட்டிருக்கிறது, எழுத்துக்கூட்டல்கூட அதேதான். தறியில் விறைப்பாக நேராக நிற்பது பாவு. நெளிந்துபோன பலகைக்கும் நேராக நிற்கும் நூலுக்கும் எப்படி ஒரே பெயர் வரும்? போதாததற்கு ஸ்டார் ட்ரெக்கில் ஒளியை விட வேகமாகப் போவதும் 'வார்ப்'. தனித்தனிச் சொற்கள் தற்செயலாக ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தனவா, இல்லை ஒரே சொல்லின் கிளைகளா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள், எவ்வளவு நீளம் என்றாலும் படிக்கிறேன்.

சொல்வேர்:
ஒரே சொல்தான். ஆனால் அதன் அடியில் இருப்பது நெளிதலும் இல்லை, நூலும் இல்லை. எறிதல்.

பழைய ஆங்கிலத்தில் 'வெயோர்பன்' என்று ஒரு வினை இருந்தது. கல்லை எறி, ஈட்டியை வீசு, வெளியே தள்ளு எல்லாம் அந்த வினைக்குள் அடங்கும். ஆங்கிலத்தின் உறவு மொழிகளில் எதைத் தொட்டாலும் இதே பொருள்தான் வருகிறது. ஜெர்மனில் 'வெர்ஃபன்', டச்சில் 'வெர்பன்', பழைய நார்ஸில் 'வெர்பா', 4ஆம் நூற்றாண்டு விவிலிய மொழிபெயர்ப்பின் வழியாக நமக்குத் தெரியவரும் கோதிக் மொழியிலும் இதே வினை, இதே பொருள். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் பந்து எறிவதற்கு இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் அந்த வேலை கைமாறிப் போனது. வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்களுடைய 'கஸ்தா' என்ற வினையும் கூடவே வந்தது. அதுதான் 'காஸ்ட்'. எறிதலை அது எடுத்துக்கொண்டது. அதற்கும் பிறகு 'த்ரோ' வந்து 'காஸ்ட்'டையும் ஓரம் கட்டியது. இந்த இடத்தைக் கவனியுங்கள், இந்தச் சொல்லின் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 'த்ரோ'வின் பழைய வடிவம் 'த்ராவன்'. அதற்குப் பொருள் முறுக்கு, திருகு, சுழற்று. ஜெர்மன் 'ட்ரேயன்' அதன் உடன்பிறப்பு, அது இன்றும் சுழற்றுவதைத்தான் குறிக்கிறது. அதாவது முறுக்குவதைக் குறித்த சொல் எறிவதற்குப் போய்விட்டது, எறிவதைக் குறித்த சொல் முறுக்கிக்கொள்வதற்கு வந்துவிட்டது. இரண்டும் இடம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

பழைய பொருளின் தடயம் முழுவதும் அழியவும் இல்லை. சக்கரத்தில் பானை வனைவதை ஆங்கிலத்தில் இன்றும் பானையை 'த்ரோ' செய்வதாகச் சொல்வார்கள். அங்கே யாரும் எதையும் எறிவதில்லை, சுழற்றுகிறார்கள். பட்டு இழைகளை முறுக்கேற்றுவதற்கும் 'த்ரோயிங்' என்றுதான் பெயர்.

'வார்ப்'புக்கு நெளி, கோணு என்ற பொருள் எழுத்தில் தெரியத் தொடங்குவது 1400ஐ ஒட்டி. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அந்த வினைக்கு எறிதல்தான் முக்கியப் பொருள்.

தொல்குடி:
இவ்வளவு சுற்றுவானேன்? வார், வார்ப்பு என்று நம்மிடம் அப்படியே இருக்கிறதே. வார்ப்பு, வார்ப்படம் என்றால் வடிவம் சம்பந்தப்பட்டது. 'வார்ப்' என்றாலும் வடிவம் சம்பந்தப்பட்டது. ஒலியும் ஒன்று, பொருளும் பக்கத்தில். தமிழிலிருந்து போயிருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. இதை யாரும் ஆராயவே மாட்டேன் என்கிறார்களே.

சொல்வேர்:
தொல்குடி, பொறுமையாகப் பார்ப்போம். தமிழில் 'வார்' என்றால் ஊற்று. தோசை வார்க்கிறோம், எண்ணெய் வார்க்கிறோம், உருக்கிய உலோகத்தை அச்சில் வார்க்கிறோம். அதனால் வார்ப்பு என்பது வடிவம் கொடுப்பது. ஆங்கிலச் சொல்லில் இருப்பது வடிவம் போவது. பொருள் பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

அதை விட முக்கியமானது, இன்றைய ஒலியை வைத்துக்கொண்டு ஒப்பிடவே கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல் 'வெயோர்பன்'. நம் 'வார்ப்பு'டன் ஒலி பொருந்துவது இன்றைய வடிவத்தில் மட்டும்தான். ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருந்த ஐந்து ஜெர்மானிய மொழிகளிலும் இந்த வினை எறிதல் என்ற பொருளோடு இருக்கிறது, இறந்தகாலத்தில் உயிரெழுத்து மாறும் அதே முறையோடு இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'வெயார்ப்' என்றால் எறிந்தான், 'வுர்பன்' என்றால் எறிந்தார்கள். இவ்வளவு ஆழமான இலக்கண வேர் கடன் வாங்கிய சொல்லுக்கு இருக்காது.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. உலோக வார்ப்புக்கு ஆங்கிலச் சொல் என்ன? 'காஸ்ட்'. எறி என்ற பொருளில் 'வார்ப்'பின் இடத்தைப் பிடித்த அதே சொல். எறிவது, பிறகு கொட்டுவது, பிறகு அச்சில் ஊற்றுவது என்று அது அந்தப் பக்கம் போயிருக்கிறது.

தொல்குடி:
இறந்தகால உயிர்மாற்றம் பற்றிச் சொன்னது வலுவான சான்று, ஏற்கிறேன். அப்படியானால் பாவு நூலுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். தறியில் எறியப்படுவது ஊடை நூல்தானே? நாடாவில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிகிறோம். பாவு அசையாமல் நிற்கிறது. எறி என்ற பெயர் ஊடைக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்?

சொல்வேர்:
பலரும் தடுமாறும் இடம் இது. பாவு நூல் என்ற பொருள் பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது, பழைய உயர் ஜெர்மனிலும் அதே சொல் அதே பொருளில் இருக்கிறது. அதாவது நெளிதலை விடப் பல நூற்றாண்டு மூத்த பொருள் இது. குறுக்கே எறியப்படும் ஊடையை வாங்கிக்கொள்வது என்பதால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது அவ்வளவாகத் திருப்தி தரவில்லை. தறி தெரிந்தவர்கள் யாராவது வந்தால் நல்லது.

தறிவீட்டுப்பெண்:
நெசவுக் குடும்பம்தான், சொல்கிறேன். நாடா எறிவதை மட்டும் பார்ப்பவர்களுக்குத்தான் பாவு அசையாத பொருள். நெய்வதற்கு முன் நடக்கும் வேலையைப் பார்க்க வேண்டும். பாவு ஓடுவது என்பது பெரிய வேலை. இத்தனை கெஜம், இத்தனை இழை என்று கணக்குப் போட்டு நூலை முளைக்கு முளை கொண்டுபோய்ப் போட்டுத் திரும்பி வந்து போட்டு நீளமாக விரிக்க வேண்டும். அப்புறம் விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள், வெயில் ஏறுவதற்குள் அலகிட்டுக் காயவைத்துச் சுருட்ட வேண்டும். எங்கள் பேச்சிலேயே பாவு 'போடுவது' என்றுதான் சொல்வோம். போடுவதும் எறிவதும் எவ்வளவு தூரம்?

தமிழ்ச் சொல்லையே பாருங்கள். பாவுதல் என்றால் பரப்புதல், விரித்தல். தரையில் கல் பாவுகிறோம். நாற்றங்காலில் நாற்றுப் பாவுகிறோம், அதாவது விதையைக் கையில் அள்ளித் தூவுகிறோம். அதே வினையிலிருந்துதான் தறியின் பாவு. ஆங்கிலச் சொல் இதிலிருந்து போனது என்று நான் சொல்லவில்லை. தறி வேலை செய்த இரண்டு கூட்டம் மனிதர்கள் நீள இழைக்குப் பெயர் வைக்கும்போது, அது தறியில் நிற்கும் கோலத்தைப் பார்க்காமல் அதைப் போட்ட கையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சொல்வேர்:
அக்கா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கால இங்கிலாந்தின் தறிக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. அவர்களுடையது நிற்கும் தறி. மேலே ஒரு குறுக்கு மரம், அதிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு அடியில் சுட்ட மண் வளையங்களைக் கட்டி விறைப்பாக்குவார்கள். அந்த மண் எடைகள் ஆங்கிலோ சாக்சன் குடியிருப்புகளைத் தோண்டும்போது இன்றும் கிடைக்கின்றன. மேலிருந்து கீழே விடப்படும் நூல் என்றால் எறிதல், போடுதல் என்ற பெயர் இயல்பாகவே வரும்.

புதுஉளி:
பாவு புரிந்தது. ஆனால் என் பலகை இன்னும் புரியவில்லை. எறிவதிலிருந்து நெளிவதற்கு எப்படி வந்தது? ஒரு தளத்தில், இழுவிசையில் இருக்கும் பாவு நூல் தளர்ந்தால் துணி கோணிக்கொள்ளும், அதிலிருந்துதான் நெளிதல் பொருள் வந்தது என்று எழுதியிருந்தார்கள்.

மேற்கோள்காரர்:
அதைவிட எளிய விளக்கம் இருக்கிறது. இந்தச் சொல்லின் ஆதி வேரை இந்தோ ஐரோப்பிய அகராதிகளில் 'திரும்பு, வளை' என்ற பொருளுள்ள 'வெர்' குடும்பத்தில் வைக்கிறார்கள். லத்தீனின் திரும்புதலைக் குறிக்கும் 'வெர்டெரே' போன்ற சொற்கள் எல்லாம் அங்கேதான் சேரும். ஆகவே வளைதல்தான் முதல் பொருள். எறிதல் இடையில் வந்து போனது. நெளிதல் தன் தாய்வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

சொல்வேர்:
கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மீட்டெடுத்த வேர் என்பது ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கலாம். அங்கிருந்து 1400 வரைக்கும் ஒரு பொருள் எழுத்தில் எங்குமே தலைகாட்டாமல் உள்ளேயே உறங்கி எழுந்து வரும் என்று வைத்துக்கொள்ள முடியுமா? பழைய ஆங்கிலத்தில் பேசிய ஒருவருக்கு 'வெயோர்பன்' என்றால் கை வீசுவதுதான் நினைவுக்கு வந்திருக்கும். சொல்லுக்கு ஞாபகசக்தி கிடையாது. பேசுகிறவர்களுக்குத்தான் உண்டு.

பாவு நூல் வழியான விளக்கத்துக்கும் அதே சிக்கல். தறியில் நேராக நிற்க வேண்டிய நூலின் பெயரைக் கோணலுக்கு வைப்பது தலைகீழ். அதோடு, அந்தப் பொருள் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டது மரத்தோடும் பலகையோடும்.

ரைன்கரை:
இங்கே ஜெர்மனியில் இருந்துகொண்டு ஒரு சான்று தர முடியும். பலகை நெளிந்துவிட்டால் இங்கே தச்சர்கள் 'ஸிஷ் வெர்ஃபன்' என்று சொல்வார்கள். அப்படியே பிரித்தால் 'தன்னை எறிந்துகொள்வது'. மரம் தன்னைத்தானே எறிந்துகொண்டது. இது அகராதியில் தூங்கும் சொல் அல்ல, மரக்கடையில் இன்றும் காதில் விழும். புவியியலில் பாறை அடுக்கு முறிந்து இடம் பெயர்ந்து நிற்பதற்கு 'ஃபெர்வெர்ஃபுங்' என்று பெயர், அதிலும் எறிதல்தான் இருக்கிறது.

ஸ்வீடன்காரர்களிடம் கேட்டால் இன்னும் வேடிக்கை. பலகை நெளிவதை அவர்கள் 'தன்னை அடித்துக்கொள்வது' என்பார்கள். வினை வேறு, ஆனால் எண்ணம் அதே. மரம் சும்மா இருக்கும்போது தானாக ஒரு பக்கம் துள்ளி விலகுகிறது என்று அந்த ஊர்த் தச்சர்கள் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனில் பாவு நூலுக்கு இப்போது புழங்கும் பெயர் முற்றிலும் வேறு. ஆகவே தறியின் துணை இல்லாமலே எறிதல் நெளிதலாக முடியும் என்பதற்கு ஜெர்மனே சாட்சி.

சொல்வேர்:
இதற்கு மேல் வேறு சான்று வேண்டியதில்லை. எறி, தன்னை எறிந்துகொள், இருந்த நேர்க்கோட்டிலிருந்து விலகு, நெளி. 'காஸ்ட்'டும் ஒரு காலத்தில் இதே வழியில் போனது. பழைய ஆங்கில மரவேலை நூல்களில் பலகை நெளிவதற்கு 'காஸ்ட்' என்றும் எழுதுவார்கள். எறிதலைக் குறித்த இரண்டு வினைகளும் தனித்தனியாக மரத்தில் போய் ஒரே இடத்தில் நிற்கின்றன என்றால் அது தற்செயல் இல்லை. அப்புறம், நம்மிடமும் 'கதவு முறுக்கிக்கொண்டது' என்றுதானே சொல்கிறோம்? யாரும் முறுக்கவில்லை. அந்த 'கொண்டது'தான் ஜெர்மனின் 'ஸிஷ்'.

இழைப்புளி:
தொழில்காரன் நான், ஒரு வார்த்தை சொல்கிறேன். மரம் தன்னைத்தானே எறிந்துகொள்கிறது என்று சொன்னது சரியான பார்வை. வெளியிலிருந்து யாரும் வளைப்பதில்லை, உள்ளே இருக்கும் இழுப்புதான் வளைக்கிறது.

பச்சை மரத்தில் இரண்டு விதமாகத் தண்ணீர் இருக்கும். நார்க்குழலின் உள்வெற்றிடத்தில் இருப்பது முதலில் போகும், அப்போது மரம் சுருங்காது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நார்ச்சுவரில் ஊறியிருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும், சுருக்கமும் அங்கேதான் ஆரம்பம். எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்கினால் பிரச்சினையே இல்லை, பலகை சின்னதாகும், அவ்வளவுதான். ஆனால் வளையத்தை ஒட்டிய திசையில் எவ்வளவு சுருங்குமோ, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதி அளவுதான் சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. இந்த வித்தியாசம்தான் எல்லாக் கோணலுக்கும் காரணம்.

அகலப் பலகையின் குறுக்குவெட்டைப் பாருங்கள், வளையங்கள் வில் மாதிரி தெரியும். காயக் காய அந்த வில் நிமிரப் பார்க்கும். அதனால் பட்டைப் பக்கம் குழியும், நடுமரப் பக்கம் மேடாகும். இங்கிலீஷில் இதை 'கப்' என்பார்கள். நீளவாக்கில் வளைந்தால் 'போ'. விளிம்புப் பக்கமாக வளைந்தால் அமெரிக்காவில் 'க்ரூக்', இங்கிலாந்தில் 'ஸ்ப்ரிங்'. நாலு மூலையும் ஒரே மட்டத்தில் உட்காராமல் திருகினால் 'ட்விஸ்ட்'. நார் நேராக ஓடாமல் மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறியிருந்தால் அந்தத் திருகல் கண்டிப்பாக வரும், அந்தக் கட்டையை நல்ல வேலைக்கு எடுக்காதீர்கள்.

தம்பி, நீங்கள் பழகுகிறீர்கள் என்பதால் ஒன்று. திருகலைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரே உயரமுள்ள நேரான இரண்டு சட்டங்களைப் பலகையின் இரண்டு முனையிலும் குறுக்கே வைத்துவிட்டு ஒன்றின் விளிம்பையும் மற்றதன் விளிம்பையும் ஒரே பார்வையில் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிந்தால் பலகை மட்டம். இல்லையென்றால் எந்த மூலை தூக்கியிருக்கிறதோ அங்கே இழைக்க வேண்டும். வாங்கிய பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். இடையிடையே சம கனத்தில் குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள், வெட்டுமுனைகளில் பெயிண்டாவது மெழுகாவது பூசுங்கள், ஏனென்றால் ஈரம் முனை வழியாகத்தான் வேகமாகப் போகும்.

புதுஉளி:
அண்ணே, ரொம்ப நன்றி. அந்தச் சட்டங்களுக்கு 'வைண்டிங் ஸ்டிக்ஸ்' என்று வீடியோவில் பெயர் சொன்னார்கள். காற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பியிருந்தேன்.

சொல்வேர்:
காற்று இல்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் 'வைண்ட்' அது, சுற்று, திருகு என்ற பொருள். எழுத்தில் மட்டும் காற்றைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒன்றாகத் தெரியும்.

கடலோடி:
கப்பலில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'வார்ப்' என்றால் கயிறு, தடித்த வடம். கப்பலை 'வார்ப்' செய்வது என்றால் அந்த வடத்தைக் கரையிலோ மிதவையிலோ நங்கூரத்திலோ கட்டி, கப்பலில் இருந்தபடி இழுத்துக் கப்பலை நகர்த்துவது. பாய்மரக் காலத்தில் காற்று இல்லாத நாளில் இதுதான் வழி. சிறிய நங்கூரத்தைப் படகில் எடுத்துப்போய் முன்னால் எறிவார்கள், கப்பலில் இருக்கும் ஆட்கள் வடத்தைச் சுற்றி இழுப்பார்கள், கப்பல் நங்கூரத்தை நோக்கி நகரும். மறுபடியும் இன்னொன்றை எறிவார்கள். டச்சில் அந்தச் சிறிய நங்கூரத்துக்கு நேரடியாகவே 'எறிநங்கூரம்' என்று பெயர்.

1812 ஜூலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிட்யூஷன் நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பற்கூட்டத்திடம் மாட்டிக்கொள்ளாமல் தப்பியது இப்படித்தான். காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. துரத்துகிறவர்களும் அதே கடலில் அசைய முடியாமல் நின்றார்கள். நங்கூரத்தை முன்னால் போட்டு இழுத்து, போட்டு இழுத்து, நாள்கணக்கில் அந்தத் துரத்தல் நடந்தது. இங்கே சொல்லின் பழைய பொருள் கெடாமல் இருக்கிறது: எறி, பிறகு இழு.

தறிவீட்டுப்பெண்:
நாற்றுப் பாவுவதைச் சொன்னேனே, ஆங்கிலத்தில் விவசாயத்துக்கும் இந்தச் சொல் உண்டா?

சொல்வேர்:
உண்டு அக்கா, ஆனால் விதைக்கு இல்லை, வண்டலுக்கு. இங்கிலாந்தின் கிழக்கே ட்ரெண்ட், ஊஸ் என்ற ஆறுகள் ஹம்பர் கழிமுகத்தில் சேரும் தாழ்நிலப் பகுதி இருக்கிறது. கடல் ஏறும் நேரத்தில் ஆற்று நீர் கலங்கிச் சேறாக எதிர்த்து வரும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்குள்ள விவசாயிகள் நிலத்தைச் சுற்றிக் கரை கட்டி, மதகு வழியாக அந்தக் கலங்கல் நீரை வேண்டுமென்றே உள்ளே விடுவார்கள். தண்ணீர் நின்று தெளியும், வண்டல் கீழே படியும், கடல் வற்றும் நேரத்தில் தெளிந்த நீரைத் திறந்துவிடுவார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் புதிய மண் அடிக்கணக்கில் ஏறிவிடும். பயனற்ற நிலம் நல்ல விளைநிலமாகிவிடும். இதன் பெயர் 'வார்ப்பிங்'. அந்த வண்டலும் 'வார்ப்', ஏனென்றால் அது நீர் கொண்டுவந்து எறிந்தது.

இன்னொன்று. மண்ணை எறியும் விலங்கு எது? பூமிக்குள் வளை தோண்டி மண்ணை மேலே தள்ளும் அகழெலி. அதற்கு வட இங்கிலாந்து வட்டார வழக்கில் 'மோல்ட்வார்ப்' என்று பெயர், 'மண் எறிவான்'. டேனிஷ் மொழியில் இன்றும் 'முல்வார்ப்' வகைப் பெயர்தான். ஜெர்மன் 'மௌல்வுர்ஃப்' கேட்பவர்களுக்கு 'வாயால் எறிவது' மாதிரி ஒலிக்கும், ஆனால் அதன் பழைய வடிவம் 'குவியல் எறிவது' என்ற பொருளில் இருந்தது.

ரைன்கரை:
ஐஸ்லாந்தை விட்டுவிட்டீர்களே. அங்கே வானொலி 'ஊத்வார்ப்', வெளியே எறிவது. தொலைக்காட்சி 'ஸ்யோன்வார்ப்', காட்சி எறிவது. கோழி முட்டை இடுவதும் அதே 'வெர்பா' வினைதான். ஐஸ்லாந்துக்காரர்கள் வெளிநாட்டுப் பெயரை வாங்காமல் பழைய சொல்லை எடுத்துப் புதிய பொருளுக்கு வைக்கிறவர்கள். நம்மூரில் வானொலி என்று வைத்த மாதிரியே ஒரு மனநிலை.

சொல்வேர்:
ஆங்கில 'ப்ராட்காஸ்ட்'டும் வானொலி வருவதற்கு முன்பே இருந்த விவசாயச் சொல்தான். விதையைக் கை வீசி அகலமாகத் தூவுவது. நாற்றுப் பாவுவதற்கு மிக அருகில் வருகிறது, அக்காவின் கேள்விக்கு அது இன்னும் நல்ல பதில்.

மேற்கோள்காரர்:
நெளிதல் எப்போதும் கெட்டதாகத்தான் இருக்க வேண்டுமா? ரைட் சகோதரர்கள் விமானத்தில் இதை வேண்டுமென்றே செய்தார்கள். 1899இல் வில்பர் ரைட் சைக்கிள் கடையில் ஒரு நீளமான அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தபோது, இறக்கையின் இரண்டு முனைகளையும் எதிரெதிராகத் திருகினால் விமானத்தை ஒரு பக்கம் சாய்க்கலாம் என்று பிடிகிடைத்தது. அதே ஆண்டு பட்டத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 1903 டிசம்பரில் பறந்த விமானத்தில் இருந்ததும் அந்த முறைதான், 1906இல் கிடைத்த காப்புரிமையின் உயிரும் அதுதான். பெயர் 'விங் வார்ப்பிங்'. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'கோஷிஸ்மான்' என்றார்கள். மரம் கோணுவதற்கு அவர்கள் சொல்லும் 'கோஷிர்' வினையிலிருந்து வந்த பெயர் அது, இடது கையைக் குறிக்கும் 'கோஷ்' கூட அந்த வினையிலிருந்து பிறந்ததுதான். பின்னால் இறக்கையின் ஓரத்தில் தனி மடிப்புத் தகடுகள் வந்து அந்த முறையை ஒழித்துவிட்டன.

புதுஉளி:
அப்படியானால் ஸ்டார் ட்ரெக்?

மேற்கோள்காரர்:
அது பலகையின் வழியில் வந்தது. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை, நிறை இருக்கும் இடத்தில் காலவெளி வளைகிறது என்றது. தட்டையாக இருக்க வேண்டியது வளைகிறது என்றால் ஆங்கிலக் காதுக்கு உடனே நினைவுக்கு வருவது நெளிந்த பலகைதான். 1930களின் அறிவியல் புனைகதைகளில் 'ஸ்பேஸ் வார்ப்' வந்துவிட்டது. 1966இல் தொலைக்காட்சியில் வந்த ஸ்டார் ட்ரெக் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அப்புறம்தான் மக்கள் மனதில் அது வேகத்தின் பெயராக மாறியது. 1994இல் மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியெர்ரே அந்தக் கற்பனையையே சமன்பாடாக எழுதினார். கலத்துக்கு முன்னால் வெளி சுருங்கி, பின்னால் விரிந்தால் கணக்குப்படி ஒளியை முந்தலாம், ஆனால் அதற்குத் தேவையான எதிர்மறை ஆற்றல் கைக்கு எட்டாதது. 2020இல் அமெரிக்கா கொரோனா தடுப்பூசித் திட்டத்துக்கு 'ஆபரேஷன் வார்ப் ஸ்பீட்' என்று பெயர் வைத்தபோது யாரும் கோணலை நினைக்கவில்லை, வேகத்தை மட்டும்தான் நினைத்தார்கள்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. வளைந்த மனம், வக்கிரம் என்று மனிதரைச் சொல்லவும் ஆங்கிலத்தில் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். காய்ந்ததால் கோணிய பலகைக்குக் குற்றம் இல்லை, ஆனால் மனிதருக்குச் சொல்லும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது. இழைப்புளி அண்ணன் சொன்ன உள்ளிழுப்பை நினைத்தால் அந்தப் பயன்பாட்டையே கொஞ்சம் இரக்கத்தோடு செய்யலாம் என்று தோன்றுகிறது.

நிரலி:
கணினிப் பக்கத்திலிருந்து ஒன்று. என்விடியா நிறுவனத்தின் ஜிபியு என்ற வரைகலைச் சில்லில் 32 'த்ரெட்'களை, அதாவது தனித்தனி வேலை இழைகளைச் சேர்த்து ஒரே கட்டளையில் ஓட்டுவார்கள், அந்தக் கட்டுக்குப் பெயர் 'வார்ப்'. ஸ்டார் ட்ரெக்கிலிருந்து எடுத்தது என்று வெகுநாள் நினைத்திருந்தவர்கள் நிறைய. அவர்களுடைய ஆவணத்திலேயே, இது நெசவிலிருந்து வந்த பெயர் என்றும், இணையாக இழைகளை ஓட்டிய முதல் தொழில்நுட்பம் நெசவுதான் என்றும் எழுதியிருக்கிறார்கள். பலகை வழி இல்லை, பாவு வழி.

தறிவீட்டுப்பெண்:
இதைப் படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. பாவில் ஒரு பாதி இழைகள் ஒன்றாகத் தூக்கும், மறுபாதி ஒன்றாக இறங்கும். பெயர் வைத்தவருக்குத் தறி தெரிந்திருக்கிறது.

சொல்வேர்:
நிரலி சொன்ன 'த்ரெட்' யார் தெரியுமா? முன்னால் பார்த்த 'த்ராவன்' என்ற வினையின் பிள்ளை. முறுக்கப்பட்டது என்பதால்தான் அது இழை. அதே வினைதான் பின்னால் 'த்ரோ'வாகி எறியப் போனது. ஆக அந்த 32 இழைகளின் கட்டில், முறுக்கு என்ற சொல்லின் பிள்ளையும் எறி என்ற சொல்லின் பிள்ளையும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

நிரலி:
அப்படியானால் ஊடை நூலைக் குறிக்கும் 'வெஃப்ட்'டும் இந்தக் குடும்பமா?

சொல்வேர்:
இல்லை. 'வெஃப்ட்', நெய்வதைக் குறிக்கும் 'வீவ்', வலையைக் குறிக்கும் 'வெப்' மூன்றும் பழைய ஆங்கிலத்தில் நெய் என்று பொருள்படும் 'வெஃபன்' வினையின் பிள்ளைகள். ஊடைக்கு இன்னொரு பெயரான 'வூஃப்' கூட அங்கிருந்துதான். அது முதலில் 'ஊஃப்' என்றுதான் இருந்தது, கூடவே புழங்கிய 'வார்ப்', 'வெஃப்ட்' இவற்றின் பாதிப்பில் முன்னால் ஒரு 'வ' ஒட்டிக்கொண்டது. இந்த நெசவுச் சொற்களுக்கு நடுவே எறிதலிலிருந்து வந்து சேர்ந்தது 'வார்ப்' மட்டும்தான்.